கயாக்கில் பிடித்த மீனைக் கெடாமல் கரை சேர்ப்பது எப்படி

கயாக் என்ற சிறிய துடுப்புப் படகில் மீன்பிடிக்கப் போக, தூண்டில், ரீல், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் என்று எல்லாவற்றையும் விசாரித்து வாங்குகிறோம். பிடிக்கும் மீனை எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் முதல் மீன் ஏறிய பிறகுதான் வருகிறது. அப்போது கைக்கு எட்டும் இடம் காலடிதான். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக் தளத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்த மீன், கரைக்கு வரும்போது வளைந்து விறைத்து, கண் மங்கி, வயிறு இளகிப் போயிருக்கும். வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்த மீனுக்கு ருசியே கிடையாது" என்று பழியை மீன் மேல் போட்டுவிடுவோம்.

பெரிய படகில் இது பிரச்சினையே இல்லை; ஒரு பெரிய பெட்டி நிறைய ஐஸைக் கொட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். கயாக்கில் எடைக்கு வரம்பு, இடத்துக்கு வரம்பு, சாய்ந்தால் கவிழும் பயம் வேறு. அதனால் "நிறைய ஐஸ் எடுத்துப் போங்கள்" என்ற அறிவுரை இங்கே பாதிக்குத்தான் உதவும். இருக்கிற கொஞ்சம் ஐஸை எப்போது, எப்படிச் செலவழிப்பது என்று தெரிந்துகொள்வதில்தான் மிச்சப் பாதி இருக்கிறது.

ஐஸ் கரைந்தால்தான் வேலை செய்கிறது

குளிர்காப்புப் பை மீனைக் குளிர்விக்காது. எவ்வளவு தடிமனான பையானாலும் அது செய்யக்கூடியது ஒன்றுதான்: வெளி வெப்பம் உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்தும். 28 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் மீனை ஐஸ் இல்லாத பையில் போட்டு மூடினால், பை அந்த 28 டிகிரியைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுக்கும். குளிர்விக்க ஐஸ் வேண்டும். அந்த ஐஸ் கரையவும் வேண்டும்.

0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் கரைந்து தண்ணீராக மாறுவதற்கு ஏறக்குறைய 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதை மீனிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருந்த ஐஸ், 0 டிகிரிக்கு வருவதற்குள் எடுக்கும் வெப்பமோ சுமார் 38 கிலோஜூல்தான். "காலையில் போட்ட ஐஸ் சாயங்காலம் வரை கரையவே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். மீனே படாத நாள் என்றால் சரி. உள்ளே மீன் இருந்தும் ஐஸ் கரையவில்லை என்றால், அந்த ஐஸ் மீனைச் சரியாகத் தொடவே இல்லை என்று அர்த்தம்.

மீன் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு கிலோ மீனில் ஒரு டிகிரி குறைக்கச் சுமார் 3.6 கிலோஜூலை வெளியே எடுக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவர 108 கிலோஜூல். அதாவது ஒரு கிலோ ஐஸில் மூன்றில் ஒரு பங்கு. காகிதத்தில் இவ்வளவுதான் தேவை. தண்ணீரில் வெயிலும் உண்டு, சூடான காற்றும் உண்டு, நீங்கள் பையைத் திறந்து திறந்து பார்ப்பதும் உண்டு. எனவே குறைந்தபட்சம் மீனின் எடைக்குச் சமமான ஐஸ், வெயில் கொளுத்தும் நாளில் அதைப்போல இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீனின் நடுப்பகுதி குளிர எவ்வளவு நேரமாகும் என்பது அதன் தடிமனைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். உள்ளங்கை அகல மீன்கள் சீக்கிரமே குளிர்ந்துவிடும். தொடை பருமன் மீனுக்கு மணிக்கணக்கில் ஆகும். பெரிய மீன் கிடைத்த சந்தோஷத்தில் படம் எடுத்துக்கொண்டு நிற்கும் நேரம் முழுவதும் அந்தக் கணக்கில் சேர்கிறது.

எதற்கு இவ்வளவு அவசரம்

மீன் செத்ததும் அதன் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் வயிற்றுச் சுவரையே அரிக்கத் தொடங்குகின்றன. தோலிலும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்குகின்றன. இரண்டின் வேகத்தையும் தீர்மானிப்பது வெப்பநிலைதான். 0 டிகிரியில் ஒரு மீன் கெடும் வேகத்தோடு ஒப்பிட்டால், 10 டிகிரியில் அது சுமார் நான்கு மடங்கு வேகமாகக் கெடும். வீட்டு ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிர்ந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 4 டிகிரிக்கும் 0 டிகிரிக்கும் இடையிலேயே கணிசமான வித்தியாசம் உண்டு.

ருசி போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு, படபடப்பு என்று ஒவ்வாமை போலவே வரும். ஹிஸ்டமின் உருவாகிவிட்டால் சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. மீன் பார்ப்பதற்கும் முகர்வதற்கும் நன்றாகவே இருக்கலாம். இன்னும் மோசம், பாக்டீரியா உண்டாக்கிய நொதி ஒருமுறை சதையில் சேர்ந்துவிட்டால், பிறகு குளிர வைத்தாலும் அது மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் "கரைக்குப் போய் ஐஸ் போட்டுக்கொள்ளலாம்" என்பது இந்த மீன்களிடம் எடுபடாது.

இவ்வகை மீன்களைப் பிடிக்கும் வணிகப் படகுகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு கால வரம்பு சொல்கிறது. காற்றோ தண்ணீரோ 28.3 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், மீன் செத்த 6 மணி நேரத்துக்குள் அதை ஐஸிலோ, ஐஸும் தண்ணீரும் கலந்த ஐஸ் கூழிலோ வைத்துவிட வேண்டும். அதற்குக் கீழ் இருந்தால் 9 மணி நேரம். இதைக் கடைசி எல்லையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாவகாசமாக இருக்கலாம் என்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூரையின் உடல் சுற்றியுள்ள தண்ணீரைவிடவே சூடாக இருக்கும். தூண்டிலில் போராடியதும் அந்தச் சூட்டைக் கூட்டும். ஏறியவுடன் ஐஸுக்குள் போக வேண்டிய மீன் அது.

பையா, பெட்டியா

கயாக்கில் மீனுக்கென்று விற்கும் குளிர்காப்புப் பைகள் நீளமாக, ஒரு முனை குறுகி, தட்டையாக இருக்கும். கயாக்கின் முன்பக்கத்திலோ இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்திலோ கிடத்திக் கட்டலாம். எடை குறைவு, தாழ்வாகக் கிடப்பதால் காற்றும் பிடிக்காது. கெட்டியான ஐஸ் பெட்டி ஐஸை அதிக நேரம் காக்கும், ஆனால் உயரமாக நிற்கும், எடையும் கூடும், நீளமான மீனை மடக்கித்தான் வைக்க வேண்டியிருக்கும். மடக்கி வைத்த மீன் அப்படியே விறைத்துவிட்டால், பிறகு நிமிர்த்தும்போது சதை பிளந்துபோகும்.

அரை நாள் மீன்பிடிப்புக்கு என்னுடைய ஓட்டு பைக்குத்தான். பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள். ஐஸில் பெரும்பகுதி கரையில், நிழலில், நல்ல பெட்டியில் காத்திருக்கட்டும். தண்ணீருக்குள் போவது அன்றைக்குத் தேவையான அளவு மட்டும். கரைக்கு வந்ததும் மீன் பையிலிருந்து பெட்டிக்கு மாறும்.

பை வாங்கும்போது பார்க்க வேண்டியவை சிலவே. நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் மீனைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். வெளிப்புறம் வெள்ளை அல்லது வெளிர்நிறமாக இருக்கட்டும். உள்தையல்கள் வெறும் நூலால் தைக்கப்படாமல் உருக்கி ஒட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைந்த தண்ணீரும் இரத்தமும் காப்பு நுரைக்குள் இறங்கி அங்கேயே நாறும். தண்ணீர் வடிக்க ஒரு மூடி இருந்தால் நல்லது. நான்கு மூலையிலும் கட்டுவதற்கு வளையங்கள் வேண்டும். நுரையின் தடிமன் கூடக் கூட ஐஸ் நிற்கும், ஆனால் உள்ளே இடம் குறையும். எது முக்கியம் என்பதை உங்கள் ஊர் வெயில் சொல்லும்.

பை இல்லையென்றால் தெர்மோகோல் பெட்டி ஒன்றைச் சரியான அளவுக்குத் தேடிப் பார்க்கலாம். உடைந்தால் தெர்மோகோல் துணுக்குகள் தண்ணீரில் சிதறும் என்பதால் தடிமனான சாக்குப் பைக்குள் இறக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் இரவு

இரண்டு வகை ஐஸ் தேவை. கட்டி ஐஸ் மெதுவாகக் கரையும், குளிரைக் காக்கும். நொறுக்கிய ஐஸ் மீனைச் சுற்றிலும் தொடும், சீக்கிரம் குளிர்விக்கும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். கயாக்குக்கு இரண்டையும் கலந்து கொண்டுபோவது நல்லது. ஒரு லிட்டர் புட்டிகள் இரண்டில் குடிநீரை உறையவைத்தால் அதுவே கட்டி ஐஸ். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அதனால் புட்டியை முழுக்க நிரப்பாதீர்கள். கரைந்ததும் குடிக்கலாம், புட்டியின் வெளிப்புறம் மீனோடு கிடந்ததை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

புட்டி ஐஸை மட்டும் நம்பி மீனைப் போடுவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது. உருண்டையான புட்டி மீனை ஒன்றிரண்டு இடத்தில்தான் தொடும். ஏற்கெனவே குளிர்ந்த மீனை அப்படியே வைத்திருக்க அது போதும்; சூடான மீனைக் குளிர்விக்கப் போதாது. ஜெல் பொதிகளும் இதே கதைதான்.

கடல்நீரையே புட்டியில் உறையவைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம். 3.5 சதவீத உப்புள்ள கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். கரையும்போதும் சாதா ஐஸைவிடக் கொஞ்சம் அதிகக் குளிரில் இருக்கும். இன்னும் நிறைய உப்பைக் கொட்டினால் இன்னும் நல்லது என்று நினைத்தால், வீட்டு ஃப்ரீசரில் அது உறையாமலே போய்விடும்.

உலர் ஐஸ் வேண்டவே வேண்டாம். மைனஸ் 78.5 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறும் பொருள் அது. இறுக மூடிய பெட்டியில் போட்டால் வெடிக்கும், வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகும், மீனின் தொட்ட இடம் மட்டும் கல்லாக உறையும்.

பையையும் பெட்டியையும் இரவே குளிர வைத்துவிடுங்கள். வெயிலில் கிடந்த வண்டிக்குள் இருந்த பையில் காலையில் ஐஸைக் கொட்டினால், அந்த ஐஸில் ஒரு பங்கு பையின் சுவரைக் குளிர்விக்கவே போய்விடும். உறைந்த புட்டி ஒன்றை உள்ளே போட்டு, மூடி, வீட்டுக்குள் வைத்தால் போதும்.

கயாக்கில் ஏற்றும்போது

உங்கள் கயாக்கின் சுமை வரம்பு என்ன என்பதைப் பாருங்கள். உங்கள் எடை, சாமான்கள், ஐஸ், கிடைக்கப்போகும் மீன் எல்லாம் சேர்ந்தாலும் அந்த வரம்புக்குக் கீழே நல்ல இடைவெளி இருக்க வேண்டும். மீன் போகும்போது இல்லாத எடை, வரும்போது இருக்கும் எடை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முன்பக்கம் கட்டினால் இடம் தாராளம், பார்வைக்கும் முன்னால் இருக்கும். ஆனால் பெரும்பாலான கயாக்குகளில் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டாது. எட்டுவதற்காகத் தவழ்ந்து முன்னால் போனால் கயாக்கின் முன்முனை அமிழ்ந்து சமநிலை கெடும். இருக்கைக்குப் பின்னால் கட்டினால் உடம்பைத் திருப்பி எடுக்கலாம்; திருப்பும்போது தலை கயாக்கின் நடுக்கோட்டைத் தாண்டி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பின்பக்கத்தையே சொல்வேன். வீட்டிலிருந்து கிளம்பும் முன், பையின் ஜிப் உங்கள் கை போகும் பக்கம் திறக்கிறதா என்று தரையில் வைத்தே ஒருமுறை பழகிப் பாருங்கள்.

மூன்றாவது இடம், கயாக்கின் மேல்தளத்து மூடியைத் திறந்து உள்கூட்டுக்குள் போடுவது. நிழலாக இருக்கும், காற்றும் பிடிக்காது. ஆனால் அலை இருக்கும்போது மூடியைத் திறப்பது கயாக்குக்குள் கடலை அழைப்பதற்குச் சமம். அமைதியான தண்ணீரில் மட்டும், அதுவும் பைக்குள் வைத்து, உருளாமல் கட்டித்தான் போட வேண்டும். ஐஸையும் தண்ணீரையும் அப்படியே கூட்டுக்குள் கொட்டுவது ஒருபோதும் கூடாது. கயாக் சாயும் பக்கமே தண்ணீரும் ஓடும், ஓடிய தண்ணீர் சாய்வைக் கூட்டும்.

எங்கே வைத்தாலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கட்டு அவிழ்ந்தாலும் பை போகாமல் இருக்க ஒரு கயிற்றில் தனியாக முடிச்சுப் போட்டுவிடுங்கள். மேலே ஈரத்துணி ஒன்றை விரிப்பது இலவசமான உதவி.

மீன் ஏறியதும்

முதலில் முடிவு: வைத்துக்கொள்வதா, விடுவதா? அளவு வரம்பு, எண்ணிக்கை வரம்பு, தடை செய்யப்பட்ட இனங்கள் எல்லாம் தெரிந்துதான் தண்ணீரில் இறங்கியிருப்பீர்கள். விடுவதென்றால் உடனே விடுங்கள். பைக்குள் பாதி நேரம் கிடத்திவிட்டு, பெரியது கிடைத்தது என்று சின்னதை விடுவது மீனுக்கும் பயனில்லை, பல இடங்களில் சட்டப்படியும் தப்பு.

வைத்துக்கொள்வதென்றால் இந்த வரிசையில் போங்கள்.

1. மீன் துள்ளுவதற்கு முன் உதட்டுப் பிடியாலோ (மீனின் உதட்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி) வலையாலோ கட்டுப்படுத்துங்கள். மடியில் துள்ளும் மீன் கயாக்கைக் கவிழ்க்காவிட்டாலும் தூண்டில் முள்ளை உங்கள் தொடையில் ஏற்றிவிடும். முதுகிலும் பக்கத்திலும் முள்ளுள்ள இனம் என்றால் கையுறை.

2. கண்ணுக்குச் சற்றுப் பின்னால், தலையின் மேல், சிறிய தடியால் ஒரே அடி. மூச்சுத் திணறிச் சாகும் மீன் துடித்துத் துடித்துத் தன் சதையின் சக்தியைத் தீர்த்துக்கொள்ளும். சீக்கிரம் விறைக்கும், சீக்கிரம் தளரும். ஜப்பானியர்கள் இகேஜிமே என்று மூளையில் முள்ளைக் குத்தி, முதுகுத்தண்டில் கம்பி விடும் முறையைச் செம்மைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதைக் கரையில் பழகிய பிறகு கயாக்கில் செய்யலாம்.

3. உடனே செவுள் வளைவுகளை இரு பக்கமும் வெட்டி இரத்தத்தை வடியவிடுங்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இரத்தம் நன்றாக இறங்கும். ஒரு சிறிய வாளியில் கடல்நீர் எடுத்து, தலை கீழாக வைப்பது நல்லது. சுறா நடமாடும் இடத்தில் மீனைக் கயிற்றில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிட்டு இரத்தம் வடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தொங்குவது உங்கள் காலுக்குப் பக்கத்தில். வாளியைக்கூட அங்கேயே கவிழ்க்காமல், இடம் மாறும்போது கவிழுங்கள்.

4. மீனை நேராக, நீளவாக்கில், பையின் நடுவில் கிடத்துங்கள். தலையும் வயிறும் ஐஸுக்குள் புதைந்திருக்கட்டும். மீன் பையைவிட நீளம் என்றால் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

குடலை எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. எடுத்தால் கெடுவதற்கான பெரிய காரணம் ஒன்று போகும், வயிற்றுக்குள் ஐஸை நிரப்பி உள்ளிருந்தும் குளிர்விக்கலாம். ஆனால் ஆடும் கயாக்கில் இரத்தக் கையோடு கூரான கத்தியைப் பிடிப்பது புதியவருக்கான வேலை இல்லை. பல இடங்களில் கரை சேரும் வரை மீனை முழுசாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பிவிடுவீர்கள், பையில் போதிய ஐஸ் இருக்கிறது என்றால் கரையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல்நீரை எப்போது சேர்ப்பது

மீனைக் குளிர்விக்க மிக வேகமான வழி ஐஸ் கூழ்: நொறுக்கிய ஐஸும் கடல்நீரும் கலந்தது. தண்ணீர் எல்லா இடுக்கிலும் புகுந்து மீனைச் சுற்றிலும் தொடும். உப்பு இருப்பதால் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் போகும். ஐஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு.

கயாக்கில் இதற்கு ஒரு விலை உண்டு. 28 டிகிரி கடல்நீரை 0 டிகிரிக்கு இறக்கவே, ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிலோ ஐஸ் கரைந்துபோகும். காலையில் கிளம்பும்போதே கூழைக் கலக்கிவைத்தால் அந்த ஐஸ் மீனைப் பார்க்கும் முன்பே போய்விடும். அதோடு, மணிக்கணக்கில் தளும்பும் தண்ணீரைச் சுமந்து துடுப்புப் போட வேண்டும். எனவே ஐஸ் உலர்ந்தே இருக்கட்டும். முதல் மீன் ஏறி, இரத்தம் வடியும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு குவளையால் கடல்நீரை அள்ளி ஊற்றுங்கள்.

ஓர் உதாரணம். பையில் 5 கிலோ ஐஸ். 28 டிகிரி கடல்நீர் 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள். ஏறக்குறைய 700 கிராம் ஐஸ் கரைகிறது. 3 கிலோ மீன் ஒன்றைப் போடுகிறீர்கள். அது 0 டிகிரிக்கு வர இன்னொரு 900 கிராம் கரைகிறது. கையில் 3.4 கிலோ ஐஸ் மிச்சம். வெயில் தின்பது போக, அதேபோல் இன்னொரு மீனுக்கும் இடம் கொடுக்கும். மூன்றாவது மீனும் வந்தால்? கரைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அதுதான். மீன் நன்றாகக் கடிக்கிறதே என்று உட்கார்ந்திருந்தால் மூன்றும் அரைகுறையாகக் குளிரும்.

2 லிட்டருக்கு மேல் ஊற்ற ஆசைப்படாதீர்கள். ஐஸின் இடுக்குகள் நிரம்பி, மீனின் அடிப்பாகம் நனைந்தால் போதும். அவ்வப்போது மீனைப் புரட்டிவிடலாம். கூழ் எல்லா இடத்திலும் ஒரே குளிரில் இருக்காது என்பதால் புரட்டும்போது கலந்தும்விடுங்கள்.

நன்னீர் ஏரி, ஆறு என்றால் அங்குள்ள தண்ணீரையே ஊற்றலாம். கூழ் 0 டிகிரியில் நிற்கும். கடல் மீனை மட்டும் கரைந்த நன்னீரில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். கண் வெளுக்கும், நிறம் போகும், சதையும் ஊறிச் சப்பென்றாகும். கணவாய் இதில் ரொம்பவே மோசம். அதை பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் ஐஸில் வைக்க வேண்டும்.

ஐஸ் தீர்ந்துபோனால்

திரும்புங்கள். அதுதான் சரியான பதில். திரும்பும் வழியில் செய்யக்கூடியது, ஈரச் சாக்கால் மீனைச் சுற்றி, காற்றுப் படும் இடத்தில், நிழலில் வைத்து அடிக்கடி நனைப்பது. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துப்போகும். வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். புழுக்கமான கடலோரக் காற்றில் சில டிகிரி குறைந்தாலே அதிகம். சாக்கை நனைக்காமல் விட்டால் அது வெறும் போர்வை.

மீனை உயிரோடு கயிற்றில் கோத்துத் தண்ணீரில் விட்டு இழுத்துப்போவது பழைய வழக்கம். குளிர்ந்த நீரில், மெதுவாக நகரும்போது ஓரளவு சரி. வெதுவெதுப்பான நீரில் கயிற்றில் செத்த மீன் அந்த நீரின் சூட்டிலேயே கெடும். துடுப்புப் போடுவதும் கனக்கும். சுறாவோ முதலையோ இருக்கும் இடத்தில் நினைக்கவே கூடாது.

கரை ஏறும்போதும் பிறகும்

அலை உடையும் கரையில் இறங்குவதாக இருந்தால், அலைக்கு வெளியிலேயே பையில் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ஐஸும் மீனும் இருக்கட்டும். ஜிப்பை முழுக்க மூடி, கட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கவிழ்ந்தால் பத்துக் கிலோ எடையுள்ள பை உங்கள் மேல்தான் வந்து மோதும்.

கரையில் முதல் வேலை மீன். கயாக்கைக் கழுவுவது, சாமான் அடுக்குவது எல்லாம் அப்புறம். வண்டியில் காத்திருக்கும் பெட்டியில் ஐஸ் ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு, மேலே மறுபடி ஐஸ். அடியில் வடிமூடி திறந்திருக்கட்டும், கரைந்த தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சந்தேகமாக இருந்தால் குத்திப் பார்க்கும் வெப்பமானியைச் சதையின் தடிமனான இடத்தில், முதுகெலும்புக்குப் பக்கத்தில் இறக்குங்கள். 4 டிகிரிக்குக் கீழே வந்திருக்க வேண்டும், 0 டிகிரிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. விறைத்துப்போன மீனை மடக்காதீர்கள், விறைப்பில் சதையைத் துண்டு போடவும் அவசரப்படாதீர்கள். ஐஸில் ஓர் இரவு இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

சூரை வகை மீன் ஒன்று கவனிப்பில்லாமல் வெயிலில் கிடந்துவிட்டது, எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை என்றால் அதைத் தூர எறியுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

பையை அன்றைக்கே கழுவ வேண்டும். முதலில் குளிர்ந்த தண்ணீர், ஏனென்றால் சுடுதண்ணீர் இரத்தத்தையும் வழவழப்பையும் துணியோடு ஒட்டவைத்துவிடும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு. நாற்றம் விடவில்லை என்றால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி விட்டுக் கழுவுங்கள். தலைகீழாகத் திறந்துவைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நாள் கணக்கில் கிடந்தால் வெளித்தோல் வெடிக்கும். ஜிப்பின் பல்லில் உப்பு இறுகாமல் நன்னீரில் அலசி, காய்ந்ததும் கொஞ்சம் மெழுகு தேய்த்து வையுங்கள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டால் பையின் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும், அடுத்த முறை ஐஸ் பாதி வழியிலேயே போய்விடும்.